திரைப் புள்ளியும் தமிழெழுத்தும்

கல்லூரியொன்றின் விழாக் காலங்களில் வெளிவரும் மலர்கள், அக்கல்லூரியின் வரலாற்றை அடுத்த தலைமுறைக்கு ஒப்புவிக்கும் சாசனங்களாகும். முன்னாளில் அவை கடதாசியில் மட்டுமே வாழ்ந்தன. இந்நாளில் அவற்றை இணையத்தில் ஏற்றிவைத்தால், மூதூரிலும் வெருகலிலும் உள்ள மாணவரும், கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிற் குடியேறிய பழைய மாணவரும் ஒரே வேளையில் வாசித்தல் கூடும். ஆயின், ஏற்றிவைத்த பக்கங்கள் அனைத்தும் வாசிக்கத்தக்கனவாய் அமைந்துவிடுவதில்லை. கணினித் திரையில் தெளிவாகத் தோன்றிய பக்கம் கைத்தொலைபேசியில் எறும்பு வரிசையாய்ச் சுருங்குவதையும், அழகிய புகைப்படமொன்று புதிய கருவியில் மங்கித் தோன்றுவதையும் நாம் அன்றாடம் காண்கின்றோம். இக்குறைகளுக்குக் காரணம் யாது? திரைப்புள்ளியின் அடர்த்தியை அறியாது பக்கம் அமைத்தலே பெரும்பாலும் காரணமாகும். இணையப் பக்கம் அமைக்கக் கற்கும் மாணவர்க்கும், அத்தொழிலிற் பயிற்சியில்லாத அன்பர்க்கும் விளங்குமாறு அதனை இங்கு ஆராய்வோம்.

புள்ளியும் அடர்த்தியும்

கணினித் திரையையோ கைத்தொலைபேசித் திரையையோ உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், அது ஒளிரும் மிகச் சிறிய கட்டங்களின் வரிசைகளால் ஆனதென்பது புலனாகும். இக்கட்டத்தைப் பிக்சல் என்பர். நாம் இதனைத் திரைப்புள்ளி என வழங்குவோம். ஓரங்குல நீளத்தில் இத்தகைய புள்ளிகள் எத்தனை அடங்குகின்றன என்பதே திரைப்புள்ளி அடர்த்தியாகும்.

இதனைக் கணித்தற்குக் கீழ்வகுப்புக் கேத்திரகணிதமே போதும். திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள புள்ளிகளின் தொகைகளைச் செங்கோண முக்கோணியொன்றின் இரு பக்கங்களாகக் கொள்க. பைதகரசின் தேற்றப்படி மூலைவிட்டத்தின் நீளத்தைப் புள்ளியளவிற் காண்க. அதனை, திரையின் மூலைவிட்டம் எத்தனை அங்குலமோ அவ்வெண்ணால் வகுக்க. வருவதே அடர்த்தி.

எடுத்துக்காட்டாக, 15.6 அங்குல மடிக்கணினியொன்றின் திரை 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் உடையதாயின், மூலைவிட்டம் ஏறத்தாழ 1567 புள்ளி. அடர்த்தி அங்குலத்திற்கு 100. அதே பருமனுள்ள வேறொரு திரை 1920 க்கு 1080 ஆயின், அடர்த்தி 141. இனி, 6.5 அங்குலக் கைத்தொலைபேசிகள் இரண்டினை எடுத்துக்கொள்வோம். 720 க்கு 1600 புள்ளியுள்ள மலிவான கருவியில் அடர்த்தி 270 ஆகும். 1080 க்கு 2400 புள்ளியுள்ள கருவியில் 405 ஆகும்.

இவ்வெண்கள் காட்டும் இடர்ப்பாட்டை நோக்குக. 100 திரைப்புள்ளி அகலமுள்ள படமொன்றை வரைந்தோமாயின், முதலாவது மடிக்கணினியில் அஃது ஓரங்குல அகலமாய் நிற்கும். இறுதியாகக் கூறிய கைத்தொலைபேசியிற் கால் அங்குலமாய்ச் சுருங்கும். எழுத்துக்கும் இதுவே கதி. ஆதலின், கருவியின் புள்ளிகளை எண்ணி அளவிடும் பக்கம் கருவிதோறும் வேறுபடும். எக்கருவிக்கும் பொதுவானதோர் அளவு வேண்டும். அவ்வளவு யாது?

கண்ணே அளவுகோல்

சுவாமிமலை உச்சியில் நின்று கடலை நோக்குவோர், அண்மையிற் செல்லும் சிறு படகும் தொலைவில் நங்கூரமிட்ட பெருங்கப்பலும் ஒத்த பருமனாய்த் தோன்றக் காண்பர். ஒரு பொருள் கண்ணுக்கு எத்துணைப் பெரிதாய்த் தோன்றும் என்பது அதன் நீளத்தை மட்டுஞ் சார்ந்ததன்று, தூரத்தையுஞ் சார்ந்தது. இரண்டையும் ஒருங்கே அளப்பது, அப்பொருள் கண்ணிடத்து அமைக்கும் கோணமாகும்.

இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் மொழி சி.எஸ்.எஸ். எனப்படும். 1996 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியான அதன் முதலாம் விதித்தொகுதியே புள்ளி என்னும் அலகை இத்தகைய கோணத்தால் விளக்கிற்று. அப்போது அங்குலத்திற்கு 90 புள்ளியுள்ள திரை நியமமாகக் கொள்ளப்பட்டது. 2011 இல் நிறைவெய்திய திருத்திய தொகுதியில் அது 96 ஆயிற்று. அங்குலத்திற்கு 96 புள்ளியுள்ள திரையொன்றை ஒரு கை நீளத் தூரத்தில், அஃதாவது 28 அங்குலத் தொலைவில் வைத்து நோக்கும்போது, ஒரு புள்ளி கண்ணிடத்து அமைக்கும் கோணமே நியமக் கோணம். அது ஏறத்தாழ 0.0213 பாகை. இவ்வாறு வரையறுத்த அலகினை நாம் நியமப் புள்ளி என்போம். அத்தூரத்தில் அதன் நீளம் 0.26 மில்லிமீற்றர்.

இக்கோணத்தை எமது கடலுக்குக் கொண்டுசெல்வோம். ஒரு கிலோமீற்றர் தொலைவில் அதே கோணத்தை அடைப்பது ஏறத்தாழ 37 சதமமீற்றர் நீளமுள்ள பொருளாகும். ஆகவே, அத்தொலைவில் குறுக்காகச் செல்லும் 6 மீற்றர் நீளமான மீன்பிடிப் படகு 16 நியமப் புள்ளிகளை அடைக்கும். வேறு கட்டளை இல்லாதவிடத்து இணைய உலாவிகள் எழுத்தின் சட்டத்துக்கு வழங்கும் உயரமும் இந்த 16 நியமப் புள்ளியே. ஒரு கிலோமீற்றருக்கு அப்பாற் செல்லும் படகைக் காணுமளவிலேயே நாம் திரையில் எழுத்தை வாசிக்கின்றோம் என அறியின், எழுத்தை மேலுஞ் சிறிதாக்குவோர் வாசகர்க்கு இழைக்கும் தீங்கு நன்கு விளங்கும்.

கைத்தொலைபேசியைக் கண்ணுக்கு அண்மையிற் பிடிக்கின்றோம் ஆதலின், அதில் நியமப் புள்ளியின் நீளம் குறைவாய் இருத்தல் பொருந்தும். கருவியை ஆக்குவோர் கோணத்தைச் சரிநுட்பமாகப் பின்பற்றுவதில்லை; தத்தம் திரைக்கு இசைந்த எளிய விகிதமொன்றை வகுத்துக்கொள்கின்றனர். அவ்விகிதத்தை அடுத்து நோக்குவோம்.

அடர்த்தி விகிதம்

ஒரு நியமப் புள்ளியை வரைதற்குக் கருவி தன் திரைப்புள்ளிகளுள் எத்தனையை ஒரு வரிசையிற் செலவிடுகின்றது என்பதே அடர்த்தி விகிதம். உலாவிகள் இதனை டிவைஸ் பிக்சல் ரேசியோ என்னும் பெயரால் அறிவிக்கும். 2007 இல் வெளிவந்த முதலாவது ஐபோனின் திரை 320 க்கு 480 புள்ளி, அடர்த்தி 163, விகிதம் 1. 2010 இல் வந்த ஐபோன் 4 அதே 3.5 அங்குலத் திரையில் 640 க்கு 960 புள்ளிகளைக் கொண்டது. அடர்த்தி 326 ஆயிற்று. ஆயினும் இணையப் பக்கங்கள் அதிற் பாதியாய்ச் சுருங்கவில்லை. பக்கத்தின் அகலம் முன்போலவே 320 நியமப் புள்ளியெனக் கொள்ளப்பட்டு, ஒவ்வொரு நியமப் புள்ளியும் இரண்டுக்கு இரண்டாக நான்கு திரைப்புள்ளிகளால் வரையப்பட்டது. விகிதம் 2 ஆயிற்று. அன்ட்ரொயிட் கருவிகளும் 160 என்னும் அடர்த்தியை அடிப்படையாகக் கொண்டு, 240, 320, 480, 640 என்பவற்றுக்கு முறையே 1.5, 2, 3, 4 என்னும் விகிதங்களை வகுத்துள்ளன. மேற்கூறிய 1080 புள்ளி அகலமான கைத்தொலைபேசி, விகிதம் 3 ஆகும்போது, தன்னை 360 நியமப் புள்ளி அகலமுடையதாகவே பக்கத்துக்கு அறிவிக்கும்.

இதனால் தமிழெழுத்து அடையும் நன்மை பெரிது. ணகரத்தை இடமிருந்து வலமாகக் குறுக்கே நோக்கின், ஐந்தாறு கோடுகளும் அவற்றிடையே வெளிகளும் உள. ஒவ்வொரு கோட்டுக்கும் வெளிக்கும் ஒரு புள்ளியேனும் வேண்டுமாதலின், பத்துப் புள்ளிக்கு மேற் செலவாகும். விகிதம் 1 ஆகிய திரையில் 16 புள்ளிச் சட்டத்தினுள் இதனை அமைக்கும்போது கோடும் வெளியும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் மெழுகிக் கருவி ஒருவாறு சமாளிக்கும். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியோ அத்திரையில் ஒன்றிரண்டு கட்டங்களாகவே எஞ்சும். கிகரத்துக்கும் கீகாரத்துக்கும் இடையேயுள்ள சுழி, னகர ணகரங்களின் வேற்றுமை ஆகியனவும் அவ்வாறே நலியும். விகிதம் 3 ஆனவிடத்து அதே சட்டத்தினுள் வரிசைக்கு 48 திரைப்புள்ளிகள் உள. கோடு கோடாயும் வெளி வெளியாயும் நிற்கும், மெய்ப்புள்ளி வட்டமாகும்.

புள்ளி சிதைந்தால் எழுத்துச் சிதையும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தே எழுதினர். படிப்போர் இடமறிந்து மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்துக்கொண்டனர். பிரெடெரிக் கோட்டை வாயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டில் எழுத்துக்கள் சிதைந்த இடங்களை அறிஞர் ஊகித்தே நிரப்பவேண்டியதாயிற்று. கல்வெட்டறிஞர்க்கு ஊகித்தல் தொழிலாகலாம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவனைத் திரையின் முன்னிருத்தி ஊகிக்கச் செய்தல் முறையன்று.

அடர்த்தியின் எல்லை

அடர்த்தி கூடுந்தோறும் நன்மையும் கூடிக்கொண்டே போகுமோ எனின், போகாது. நலமான கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கினும் நுண்ணிய வேற்றுமையைப் பெரும்பாலும் பிரித்தறியாது. 30 சதமமீற்றர் தூரத்தில் அக்கோணம் 0.087 மில்லிமீற்றருக்குச் சமன். அங்குலத்திற்கு ஏறத்தாழ 290 புள்ளி. கைத்தொலைபேசியின் அடர்த்தி இவ்வெல்லையைக் கடந்தபின், மேலும் வரும் புள்ளிகள் கண்ணுக்குச் சிறிதே பயன்படும்.

இதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. கூர்மை வேறு, பருமன் வேறு. அடர்த்தி எழுத்தைக் கூர்மையாக்குமேயன்றிப் பெரிதாக்காது. 6 நியமப் புள்ளியுள்ள எழுத்து, 405 அடர்த்தியுள்ள திரையிலும் சிறிய எழுத்தே. வெள்ளெழுத்துக் கண்ணாடி அணியும் பழைய மாணவர்க்கு அதன் கூர்மையால் யாது பயன்?

எழுத்து இவ்வாறு சிறுத்துப்போதற்கு ஏது பெரும்பாலும் ஒரு வரிக் குறைபாடேயாகும். கைத்தொலைபேசி உலாவிகள், மறுத்துக் கூறாதவிடத்து, பக்கம் பெரிய கணினிக்காக அமைந்ததென எண்ணி, அதன் அகலத்தை ஏறத்தாழ 980 நியமப் புள்ளியாகக் கொண்டு, பின்னர் முழுவதையும் திரைக்குள் அடங்கச் சுருக்குகின்றன. 360 நியமப் புள்ளி அகலமுள்ள கருவியில் 16 புள்ளி எழுத்து அப்போது 6 புள்ளிக்குச் சுருங்கும். எச்.ரி.எம்.எல். பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் என்னும் குறிப்பை இட்டு, பக்கத்தின் அகலம் கருவியின் அகலமே எனவும் தொடக்கப் பெருக்கம் ஒன்றெனவும் கூறிவிட்டால் இக்குறை நீங்கும். அக்குறிப்பிலேயே வாசகர் பக்கத்தைப் பெருப்பிக்க முடியாதவாறு தடை இடுவோரும் உளர். அது தகாது. எழுத்தின் பருமனை வாசகர் தம் கருவியில் தெரிவுசெய்த அளவுக்கு ஏற்ப வளரவிடுதலே நெறி. மாற்றுத் திறனாளர்க்கான இணைய நெறிமுறைகளும் எழுத்தை இருமடங்காகப் பெருப்பிக்க இடமளித்தல் வேண்டுமென விதிக்கின்றன.

படங்களும் கடல் வரைபடங்களும்

எழுத்தைப் பொறுத்தவரை, பருமனை நியமப் புள்ளியிற் கூறிவிட்டாற் போதும். எழுத்துருக்கள் வளைகோடுகளாற் கணிக்கப்பட்டவை ஆதலின், எவ்விகிதத்துக்கும் கருவியே கூர்மையாக வரைந்துகொள்ளும். கல்லூரி இலச்சினை, வரைபு, தேசப்படம் போன்றவற்றையும் எஸ்.வி.ஜி. என்னும் கோட்டு வடிவத்தில் அமைத்தால் இந்நன்மை கிட்டும். புகைப்படத்தின் நிலை வேறு. அது தானே புள்ளிகளால் ஆனது. 360 புள்ளி அகலமான புகைப்படத்தை விகிதம் 3 ஆகிய திரையில் முழு அகலத்துக்கு இட்டால், ஒரு புள்ளியை ஒன்பதாகப் பரப்பவேண்டும், படம் மங்கும்.

அவ்வாறாயின் யாவர்க்கும் மிகப் பெரிய படத்தையே அனுப்பலாமே எனின், செலவை எண்ணுதல் வேண்டும். 360 க்கு 270 ஆகிய படத்தில் 97,200 புள்ளிகள். 720 க்கு 540 ஆயின் 3,88,800. 1080 க்கு 810 ஆயின் 8,74,800. விகிதம் 1, 2, 3 என ஏறுகையிற் புள்ளித்தொகை 1, 4, 9 என ஏறுகின்றது. கோப்பைச் சுருக்கும் முறைகளால் எடை இதே அளவில் ஏறாதெனினும், ஏற்றம் பெரிதே. தரவுக்குப் பணங் கொடுத்து வாசிக்கும் ஈச்சிலம்பற்று மாணவனின் பழைய கருவிக்கு ஒன்பது மடங்கு புள்ளிகளை அனுப்பி, அக்கருவி எட்டு மடங்கை வீசிவிடச் செய்தல் அறமாகாது.

இதற்குரிய தீர்வைத் துறைமுகத்தார் நன்கறிவர். கொட்டியாரக் குடாவை நாடி வரும் மாலுமி ஒரே வரைபடத்தை நம்பி வருவதில்லை. திறந்த கடலுக்குச் சிறிய அளவுத்திட்டத்தில் அமைந்த தாள் ஒன்று. கரையை அணுகுதற்கு மற்றொன்று. உட்டுறைமுகத்துட் புகுதற்குப் பெரிய அளவுத்திட்டத்தில் அமைந்த வேறொன்று. வரைந்தோர் பலவற்றையும் அளிப்பர். தான் நிற்கும் இடமறிந்து மாலுமி ஒன்றைத் தெரிந்துகொள்வான். இணையத்திலும் முறை இதுவே. ஒரே புகைப்படத்தை 360, 720, 1080 புள்ளி அகலங்களில் ஆக்கி, சோர்ஸ்செட் என்னும் பட்டியலிற் குறித்து, அப்படம் பக்கத்தில் எவ்வளவு அகலத்தை அடைக்கும் என்பதைச் சைசஸ் என்னும் குறிப்பாற் கூறிவிடுதல் வேண்டும். தன் அகலத்தையும் விகிதத்தையும் அறிந்த உலாவி, தக்கதைத் தானே தெரிந்து ஒன்றை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

இங்கும் கண்ணின் எல்லை எமக்குத் துணையாகும். மேற்கூறிய கைத்தொலைபேசியின் அகலம் ஏறத்தாழ 2.7 அங்குலம். அதில் 720 புள்ளிப் படத்தை நிரப்பினால் அங்குலத்திற்கு 270 புள்ளி கிடைக்கும். அது 290 என்னும் எல்லைக்கு அண்மியதாதலின், சாதாரண புகைப்படத்துக்கு இருமடங்கே பெரும்பாலும் போதுமானது. மும்மடங்குப் படத்தை, எழுத்துச் செறிந்த பத்திரங்களுக்கும் பெருப்பித்து நோக்கவேண்டிய குழுப்படங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய மலர்களின் நிலை

இதுகாறும் கூறியவற்றை எமது மலர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். 7 அங்குல அகலமுள்ள அச்சுப் பக்கமொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளியாக ஒளிவருடினால் 2100 புள்ளி அகலமான படம் கிடைக்கும். 720 திரைப்புள்ளி அகலமுள்ள கைத்தொலைபேசிக்கு அதனை அவ்வாறே அனுப்பின், திரை காட்டவல்ல புள்ளிகளிலும் எட்டு மடங்குக்கு மேல் அனுப்பியவராவோம். இத்துணைச் செலவுக்குப் பின்னும் வாசகர் காண்பது யாது? பக்கத்தின் 7 அங்குலம் 504 பொயின்ற் ஆகும். அதிலுள்ள 10 பொயின்ற் அச்செழுத்து, 360 நியமப் புள்ளித் திரையில் ஏறத்தாழ 7 நியமப் புள்ளிக்குச் சுருங்கும். வாசிக்கத்தக்க 16 புள்ளியிற் பாதிக்கும் அது குறைவு. பெருப்பித்தால் வரிகள் திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுக்கவேண்டும். எத்துணை அடர்ந்த திரையாலும் இக்குறை தீராது. இது கூர்மையின் குறையன்று, பருமனின் குறை.

ஆதலின், ஒளிவருடிய படத்தோடு எமது பணி முடிந்துவிடாது. அப்படம் மூலச்சான்றாக நிலைத்தல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இவ்வாறு காத்துவருதல் போற்றத்தக்க தொண்டாகும். அச்சான்றின் அருகே, உள்ளடக்கத்தை ஒருங்குறித் தமிழெழுத்தில் தட்டச்சுச் செய்து வைத்தலே அடுத்த படி. அவ்வாறு வைத்த எழுத்து எத்திரையிலும் வரி மடங்கி அமையும், வாசகர் விரும்பிய பருமனுக்கு வளரும், பக்கமொன்றுக்குச் சில ஆயிரம் எழுத்துக்களே ஆதலின், படத்திலும் மிகக் குறைந்த தரவில் வந்துசேரும், தேடுவார்க்கு அகப்படும், பார்வையிழந்தார்க்குப் பொறி வாசித்துக் காட்டும்.

எழுத்துணரிப் பொறிகள் இப்பணியில் உதவுமாயினும் மேற்பார்வை இன்றியமையாதது. பழைய மலர்களில் ணா, றா, னா என்பனவும் ணை, லை, ளை, னை என்பனவும், 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தத்துக்கு முற்பட்ட வடிவங்களிற் காணப்படும். பொறி அவற்றை மயங்கி வாசித்தல் கூடும். மங்கிய அச்சில் மெய்ப்புள்ளியும் தவறிவிடும். அவற்றைப் பிழையறத் திருத்துதற்கு அவ்வடிவங்களோடு பழகிய மூத்தோரின் கண்களே வேண்டும்.

மாணவர்க்குரிய பயிற்சி

மாணவர் தம் வீட்டிலும் வகுப்பிலும் உள்ள கருவிகளின் திரையளவைக் கேட்டறிந்து, அடர்த்தியைத் தாமே கணித்து அட்டவணையாக்குக. பின்னர் ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரையை வியூபோர்ட் குறிப்பின்றி ஒருமுறையும், அக்குறிப்போடு ஒருமுறையும் அமைத்து, இரண்டையும் வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுக. கட்டுரையில் ஒரு புகைப்படத்தை மூன்று அளவுகளில் இட்டு, எக்கருவி எதனைத் தெரிந்தது என நோக்குக. 1.25, 1.5 என்னும் பின்ன விகிதமுள்ள கணினிகளில் மெல்லிய கோடுகளும் சிறு படங்களும் எவ்வாறு மாறுகின்றன என்பதையும் குறித்துக்கொள்க. இவ்வாறு ஒருமுறை அளந்து பார்த்தவர்க்கு விதிகளை மனனஞ் செய்யவேண்டிய தேவை இராது.

பழைய மாணவ அன்பர்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. உங்கள் அலுமாரிகளில் உள்ள பழைய மலர்களை எடுத்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டுரையையேனும் தட்டச்சுச் செய்து, மூலத்தோடு ஒப்புநோக்கித் தாருங்கள். அச்சுத்தாள் பழுப்பேறி உதிர்கின்றது. பழைய எழுத்து வடிவங்களை அறிந்தவர் தொகையும் ஆண்டுதோறும் குறைகின்றது. பொறியியலாளரான மாணவர் திரையைக் கவனிப்பர். எழுத்தைக் கவனிக்கும் பொறுப்பு மூத்தோராகிய உங்களதாகும். இவ்விரு சாராரும் ஒருங்கு முயன்றால், எமது கல்லூரி தன் முன்னோரின் சொல்லை, எவர் கையிலுள்ள எச்சிறிய திரையிலும், புள்ளி குன்றாது வாசிக்கத் தரும்.